ஆப்ட்ல சாஃப்ட்வேர் போடறது, தூக்கறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் வச்சிருக்கவங்களுக்காக எழுதினது. இந்த லினக்ஸ்ல எல்லாம் கமாண்ட் அடிச்சு சாஃப்ட்வேர் போட, தூக்க இருக்கற டூல்தான் ஆப்ட். சென்னை சி-டாக் பண்ண பாஸ் லினக்ஸும் டெபியன் மேல கட்டினதுதான், அதனால அதுலயும் பெரும்பாலும் இதேதான். கமாண்ட் எல்லாம் வாயால படிக்கற மாதிரி தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கற இடம்) அடிக்கறப்ப ஆங்கிலச் சின்ன எழுத்துல அடிங்க, ஹைஃபன், புள்ளி, ஸ்லாஷ் எல்லாம் இருக்கற இடத்துல அப்படியே இருக்கணும்.

சாஃப்ட்வேர் சென்டர்ல ஒரு க்ளிக்ல முடியற வேலைக்கு எதுக்குங்க டெர்மினல்?

க்ளிக்ல முடிஞ்சா க்ளிக்ல பண்ணுங்க, அதுல தப்பே இல்ல. ஆனா ஏதாவது சிக்கிக்கிச்சுன்னா அந்த ஜன்னல் "சம்திங் வென்ட் ராங்"னு ஒரு வரி காட்டிட்டு போயிடும், என்ன ராங்னு சொல்லாது. டெர்மினல் எந்த பேக்கேஜ் (ஒரு சாஃப்ட்வேரைக் கட்டி வச்ச மூட்டை), எந்த ஃபைல், எதுக்காக நின்னுச்சுன்னு சொல்லும், அந்த வரியை காப்பி பண்ணி நாலு பேர்கிட்ட கேக்கலாம். அப்புறம் சர்வர்னா அங்க ஜன்னலே கிடையாது, வேற வழியும் இல்ல. எனக்கு டெர்மினல் பிடிக்கறதுக்கு இன்னொரு காரணம், எதைப் போடப்போறேன் எதைத் தூக்கப்போறேன்னு முன்னாடியே பட்டியல் போட்டு காட்டிட்டுதான் கேக்கும். அந்தப் பட்டியலைப் பத்தி கீழ நிறைய சொல்றேன், இந்தப் பக்கத்துல ஒண்ணே ஒண்ணுதான் படிப்பீங்கன்னா அதைப் படிங்க.

ஆப்ட், ஆப்ட்-கெட், டிபிகேஜி... மூணும் ஒண்ணா?

ஒண்ணு மேல ஒண்ணு. அடியில இருக்கறது டிபிகேஜி, 1994லேர்ந்து இருக்கு. அதுக்கு ஒரு டெப் ஃபைலைக் கையில குடுத்தா பிரிச்சு வைக்கத் தெரியும், அவ்ளோதான், இதுக்கு வேண்டிய இன்னொண்ணு (அதைத்தான் டிபென்டன்சின்னு சொல்றது) இல்லையேன்னா "இல்ல"ன்னு சொல்லிட்டு நின்னுடும், தானா போய் எடுத்துட்டு வராது. அந்த எடுத்துட்டு வர்ற வேலையைச் செய்யத்தான் 1998ல ஆப்ட் வந்துச்சு, ஆப்ட்-கெட் அதோட பழைய முகம். 2014ல ஆப்ட் 1.0 வந்தப்பதான் வெறும் "ஆப்ட்"னு ஒரு கமாண்ட் குடுத்தாங்க, ப்ரோக்ரஸ் பார், கலர் எல்லாம் அதுலதான். கையால அடிக்கறப்ப ஆப்ட் போதும். ஸ்க்ரிப்ட் எழுதறீங்கன்னா ஆப்ட்-கெட் போடுங்க, ஏன்னா ஆப்ட் காட்டற விதம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறலாம்னு அவங்களே சொல்றாங்க.

டெப் ஃபைல்னா என்னமோ மாயம்னு நினைக்க வேணாம். அது ஒரு சாதாரண ஆர்க்கைவ், உள்ள மூணு சமாச்சாரம் இருக்கும். ஃபார்மட் நம்பர் எழுதின குட்டி ஃபைல் ஒண்ணு, பேர் டிபென்டன்சி ஸ்க்ரிப்ட் எல்லாம் இருக்கற கன்ட்ரோல் பகுதி ஒண்ணு, உங்க டிஸ்க்ல போய் உக்காரப்போற நிஜ ஃபைல்கள் ஒண்ணு.

சூடோ பாஸ்வேர்ட் கேக்குது, அடிச்சா ஒண்ணுமே விழல, கீபோர்ட் போச்சா?

போகல. சூடோங்கறது ஒரு கமாண்டை அட்மின் அதிகாரத்தோட ஓட்டறது, அதனாலதான் பாஸ்வேர்ட் கேக்குது. அடிக்கறதை அது காட்டாது, அவ்ளோதான். அடிச்சிட்டு என்டர் தட்டுங்க. மின்ட் மாதிரி சிலதுல ஸ்டார் ஸ்டாரா விழும்.

அப்டேட் பண்ணிட்டேன், ஆனா எல்லாம் பழைய வெர்ஷனாவே இருக்கு?

"சூடோ ஆப்ட் அப்டேட்" எதையும் புதுசு பண்ணாது, ரெப்போல (பேக்கேஜ் எல்லாம் வச்சிருக்கற சர்வர்) இப்ப என்னென்ன வெர்ஷன் இருக்குங்கற பட்டியலை மட்டும் கொண்டு வரும். புதுசு பண்றது "சூடோ ஆப்ட் அப்கிரேட்". ரொம்ப நாள் அப்டேட் பண்ணாம நேரா இன்ஸ்டால் பண்ணப் போனாலும் சிக்கல், உங்க மெஷின் பழைய பட்டியலை வச்சுக்கிட்டு பழைய ஃபைலைக் கேக்கும், சர்வர்ல அது எப்பவோ போயிருக்கும், அந்த ஃபைல் இல்லன்னு 404 எரர் வரும். அதனால முதல்ல அப்டேட், அப்புறம்தான் மத்ததெல்லாம்.

அப்கிரேட் பண்றப்ப சிலது "கெப்ட் பேக்"னு நிக்கும். அதுக்குப் பதறாதீங்க. ஒரு காரணம், அதைப் புதுசு பண்ண வேற எதையாவது தூக்க வேண்டியிருக்கும், ஆப்ட் அப்கிரேட் எதையும் தூக்கற ஜாதி இல்ல, அதுக்கு "ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்"னு தனியா இருக்கு. இன்னொரு காரணம் உபுண்டுவுல மட்டும், அவங்க அப்டேட்டை எல்லாருக்கும் ஒரே நாள்ல விடறதில்ல, கொஞ்சம் கொஞ்சம் பேருக்கா விடுவாங்க, ஃபேஸிங்னு போட்டிருந்தா உங்க முறை இன்னும் வரலன்னு அர்த்தம், காத்திருங்க, தானா வரும்.

பேக்கேஜோட சரியான பேர் தெரியலன்னா?

"ஆப்ட் சர்ச்" போட்டு தேடுங்க, இதுக்கு சூடோ வேண்டாம். கிடைச்சதும் "ஆப்ட் ஷோ" போட்டு அது என்ன, எவ்ளோ சைஸ், யார் பராமரிக்கறாங்கன்னு பாருங்க, பேர் ஒரே மாதிரி இருந்தும் வேற வேற சாமான் நிறைய உண்டு.

நம்ம ஆளுங்க அதிகம் கேக்கறது தமிழ் எழுத்து, தமிழ் டைப்பிங். எழுத்து கட்டம் கட்டமா தெரிஞ்சா ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்னு ஒரு பேக்கேஜ், அதைப் போடுங்க. தமிழ்னு முழுசா இல்ல, கடைசில டி ஏ எம் எல் நாலே எழுத்துதான், முழுப் பேரைத் தேடறவங்களுக்குக் கிடைக்காம போறது இதனாலதான். தமிழ்99 கீபோர்ட் வேணும்னா "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என்", முடிச்சுட்டு லாக்அவுட் பண்ணி உள்ள வந்து கீபோர்ட் செட்டிங்ஸ்ல தமிழ்99ஐச் சேர்த்துக்கோங்க. லாக்அவுட் பண்ணாம செட்டிங்ஸ்ல தேடிட்டு "வரலியே"ங்கறவங்கதான் பாதிப்பேர்.

ஒய்-ஆ என்-ஆன்னு கேக்குதே, எப்பவும் ஒய் தானே?

இல்ல. இங்கதான் நிக்கணும்.

அந்தக் கேள்விக்கு மேல நாலஞ்சு பகுதி இருக்கும். கூட என்னென்ன புதுசா போடப்போகுது, எதெல்லாம் அப்கிரேட் ஆகும், எதெல்லாம் தூக்கப்படும், எத்தனை எம்பி டவுன்லோட், முடிஞ்சப்புறம் டிஸ்க்ல எவ்ளோ கூடும் இல்ல குறையும். மொபைல் ஹாட்ஸ்பாட்ல உக்காந்திருக்கவங்க எம்பி கணக்கைப் பாப்பாங்க, பாக்கட்டும், ஆனா முதல்ல பாக்க வேண்டியது "வில் பி ரிமூவ்ட்"ங்கற பகுதி. நீங்க ஒண்ணைப் போடச் சொல்லியிருக்கீங்க, அது பாட்டுக்கு இருபதைத் தூக்கறேன்னு சொல்லுதுன்னா எங்கயோ வெர்ஷன் இடிக்குது, என் அடிச்சிட்டு வெளிய வாங்க, எதுவும் கெட்டுப்போகாது. கேள்வி கேக்கற வரைக்கும் அது டிஸ்க்ல எதையும் தொட்டிருக்காது.

2021ல லைனஸ் டெக் டிப்ஸ் யூட்யூப் சேனல் நடத்தற லைனஸ் செபாஸ்டியனுக்கு நடந்தது தெரிஞ்சிருக்கும். உபுண்டு மேல கட்டின பாப் ஓஎஸ்ல ஸ்டீம்ங்கற கேம் ஆப்பைப் போடப் போனார், க்ராஃபிக்கல் கடை முடியாதுன்னு சொல்லிடுச்சு, டெர்மினலுக்குப் போனார், அந்த நேரத்துல அந்தப் பேக்கேஜ்ல இருந்த ஒரு டிபென்டன்சி கோளாறால ஸ்டீமைப் போடணும்னா டெஸ்க்டாப்பையே தூக்கணும்னு ஆப்ட் கணக்கு போட்டுச்சு. ஒய்-என் கூட கேக்கல, "எஸ், டூ ஆஸ் ஐ சே!"னு முழு வாக்கியமா அடிக்கச் சொல்லிச்சு. அவரும் அடிச்சார். டெஸ்க்டாப் போச்சு, கறுப்பு ஸ்க்ரீன்தான் மிச்சம். ஊரே சிரிச்சுது, ஆனா தப்பு முழுக்க அவரோடதுன்னு நான் சொல்ல மாட்டேன், ஸ்டீம் மாதிரி எல்லாரும் போடற ஒண்ணு டெஸ்க்டாப்பைத் தூக்கற அளவுக்கு கோளாறா ரெப்போல இருந்ததே முதல் தப்பு. அதுக்கப்புறம் ஆப்ட் பண்றவங்க இந்த மாதிரி அத்தியாவசிய பேக்கேஜைத் தூக்கறதை இன்னும் கஷ்டமாக்கிட்டாங்க. 2025ல வந்த ஆப்ட் 3.0ல போடறது பச்சையாவும் தூக்கறது சிவப்பாவும் தனித்தனியா தெரியும், டெபியன் 13ல அதுதான் இருக்கு.

இன்னும் பயமா இருந்தா ஒத்திகை பாருங்க: "ஆப்ட் இன்ஸ்டால் -எஸ்"னு போட்டு பேக்கேஜ் பேரைக் குடுத்தா என்ன செய்வேன்னு சொல்லும், செய்யாது. இணையத்துல கிடைக்கற டிப்ஸ்ல பாதில "-ஒய்" சேத்தே குடுத்திருப்பாங்க, அது "கேக்காதே, பண்ணு"ன்னு அர்த்தம். காப்பி பண்றப்ப அதை மட்டும் அழிச்சிட்டு ஓட்டுங்க.

ரிமூவ் பண்ணா எல்லாம் போயிடுமா? பர்ஜ்னு வேற ஒண்ணு சொல்றாங்களே?

"சூடோ ஆப்ட் ரிமூவ்" ப்ரோக்ராமைத் தூக்கும், /ஈடிசி ஃபோல்டர்ல இருக்கற கான்ஃபிக் ஃபைலை விட்டுட்டுப் போகும். வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி பண்ணிட்டார், பரண்ல மட்டும் ரெண்டு அட்டைப்பெட்டி இருக்கு, அந்த மாதிரி. திரும்ப போடுவேன்னு நினைச்சா இது நல்லது, பழைய செட்டிங் அப்படியே கிடைக்கும். சுத்தமா வேணாம்னா "சூடோ ஆப்ட் பர்ஜ்". ஏற்கெனவே ரிமூவ் பண்ணிட்டதையும் பிறகு பர்ஜ் பண்ணலாம், "டிபிகேஜி -எல்" போட்டா முன்னாடி ஆர்சின்னு ரெண்டு எழுத்தோட நிக்கறதெல்லாம் அப்படி பாதி போனதுங்கதான். இங்க எல் சின்ன எழுத்து.

ஒண்ணு கவனிங்க, ரெண்டுமே உங்க ஹோம் ஃபோல்டர்ல கை வைக்காது. ஒரு ப்ரோக்ராம் கிறுக்குத்தனம் பண்ணுதுன்னு பர்ஜ் பண்ணி திரும்பப் போட்டும் அதே கிறுக்கு இருந்தா, அது ஹோம்ல கான்ஃபிக்ங்கற மறைஞ்ச ஃபோல்டர்ல உக்காந்திருக்கு. அதை நீங்கதான் கையால எடுக்கணும். அதே சமயம் டேட்டாபேஸ் மாதிரி சர்வர் சாமானை பர்ஜ் பண்றப்ப ரெண்டு தடவை யோசிங்க, சிலது உள்ள இருக்கற டேட்டாவையும் சேத்து அழிச்சிடும், பேக்கப் எடுக்காம பண்ணாதீங்க.

ஆட்டோரிமூவ் பண்ணுன்னு அதுவே சொல்லுது, பண்ணலாமா?

பண்ணலாம், பட்டியலைப் படிச்சிட்டு. ஆப்ட் ஒவ்வொரு பேக்கேஜையும் ரெண்டு விதமா குறிச்சு வச்சிருக்கு, நீங்க கேட்டுப் போட்டது, வேற ஒண்ணுக்காக தானா வந்தது. தானா வந்ததை இப்ப யாரும் தேடலன்னா அதைத் தூக்கறதுதான் ஆட்டோரிமூவ். பழைய கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) எல்லாம் இப்படித்தான் போகும்.

மாட்டிக்கறது எங்கன்னா, உபுண்டு-டெஸ்க்டாப் மாதிரி சில பேக்கேஜ்ல உள்ள ஒண்ணுமே இருக்காது, "இந்த நூறும் வேணும்"னு சொல்ற வெறும் பட்டியல். நீங்க ஏதோ ஒரு சின்ன ஆப் பிடிக்கலன்னு தூக்கறப்ப சில சமயம் அந்தப் பட்டியலும் கூடவே போயிடும், அப்ப ஒண்ணும் தெரியாது, எல்லாம் ஓடிக்கிட்டுதான் இருக்கும். பின்னாடி ஒரு நாள் ஆட்டோரிமூவ் அடிக்கறப்ப அந்தப் பட்டியல்ல இருந்த பலதும் அனாதைன்னு தெரிஞ்சு கிளம்பிடும். பட்டியல்ல வேணுங்கறது தெரிஞ்சா "சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்" போட்டு அந்தப் பேரைக் குடுங்க, இது நான் கேட்டதுதான்னு எழுதி வச்சுக்கும், அப்புறம் தொடாது.

"குட் நாட் கெட் லாக்"னு வருது. லாக் ஃபைலை அழிச்சிடுன்னு ஒரு இடத்துல போட்டிருந்தாங்க...

அழிக்காதீங்க. இந்த அட்வைஸ் எங்க பாத்தாலும் இருக்கு, எங்க பாத்தாலும் தப்பு. லாக்னா வேற யாரோ இப்ப பேக்கேஜ் வேலை பாத்துக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம். மெஷின் ஆன் பண்ண கொஞ்ச நேரத்துல வந்துச்சுன்னா அது பெரும்பாலும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ், பின்னணில செக்யூரிட்டி அப்டேட் போடற ஆளு. டீ குடிச்சிட்டு வாங்க, முடிச்சிருக்கும். லாக்கை அழிச்சிட்டு நீங்களும் ஓட்டினா ரெண்டு பேரும் ஒரே டேட்டாபேஸ்ல ஒரே நேரத்துல எழுதுவாங்க, அப்புறம் நேரும் நாசத்தை சரி பண்ண அரை நாள் ஆகும். எரர்லயே ப்ராசஸ் நம்பரும் பேரும் போட்டிருக்கும், அது நிஜமாவே ஓடுதான்னு பாருங்க, ரொம்ப நேரமா தொங்கிட்டே இருந்தா ரீஸ்டார்ட் பண்ணிட்டு அடுத்த பதில்ல சொல்றதைப் பண்ணுங்க.

பாதி இன்ஸ்டால்ல கரண்ட் போயிடுச்சு!

நம்ம ஊர்ல இது கேக்காத ஆள் இல்ல. பொதுவா பிழைச்சுக்கும். இன்ஸ்டால்ங்கறது ரெண்டு கட்டம், முதல்ல ஃபைலைப் பிரிச்சு இடத்துல வைக்கும், அப்புறம் செட் பண்ணும். எது எந்தக் கட்டத்துல நின்னுச்சுன்னு டிபிகேஜி அதோட ஸ்டேட்டஸ் ஃபைல்ல எழுதி வச்சிருக்கும், அதனால விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். முதல்ல "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ", பாதில நின்னதை எல்லாம் செட் பண்ணிடும். அப்புறம் "சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்", குறையற டிபென்டன்சியைக் கொண்டு வரும், இங்கயும் ஒய் கேக்கும், இங்கயும் படிங்க. பெரிய வெர்ஷன் அப்கிரேட் பண்றப்ப மட்டும் லேப்டாப்ல ஃபுல் சார்ஜோ யூபிஎஸ்ஸோ இல்லாம ஆரம்பிக்காதீங்க, கெர்னல் எழுதற நேரத்துல போச்சுன்னா பூட்டே ஆகாம உக்காந்துடலாம்.

வெப்சைட்லேர்ந்து டெப் ஃபைல் எடுத்தேன். எப்படிப் போடறது?

டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குப் போய் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./" அப்படின்னு போட்டு ஒட்டினாப்புல ஃபைல் பேர். அந்தப் புள்ளி-ஸ்லாஷ் முக்கியம், அது இல்லன்னா ஆப்ட் ரெப்போல அந்தப் பேர்ல தேடிட்டு இல்லன்னு சொல்லும். டிபிகேஜி -ஐ போட்டும் பண்ணலாம், ஆனா டிபென்டன்சி வராது, பழைய பழக்கத்துல சொல்றாங்க.

டெப் ஃபைல் உள்ள ஸ்க்ரிப்ட் இருக்கும், இன்ஸ்டால் ஆகறப்ப அது ரூட் (முழு அட்மின்) அதிகாரத்தோட ஓடும். எங்கேர்ந்து வருதுன்னு தெரியாத டெப்பைப் போடறதும் மெஷின் சாவியைக் குடுக்கறதும் ஒண்ணுதான். க்ரோம் மாதிரி சிலது போட்டவுடனே தன்னோட ரெப்போவையும் லிஸ்ட்ல சேத்துக்கும், அப்டேட் தானா வரட்டும்னு. அது நல்லதுக்குத்தான், ஆனா சேத்துக்கிச்சுன்னு தெரிஞ்சிருக்கணும்.

பிபிஏவும் இதே கதைதான், யாரோ ஒருத்தர் லாஞ்ச்பேட்ல வச்சிருக்கற ரெப்போ. ஆளை நம்பினா சேருங்க. உபுண்டுவை அடுத்த வெர்ஷனுக்கு ஏத்தறப்ப வர்ற சண்டைல பெரும்பங்கு மறந்துபோன பிபிஏவால வர்றது, அதனால வேலை முடிஞ்சா "பிபிஏ-பர்ஜ்"னு ஒரு டூல் இருக்கு, அது பிபிஏவையும் எடுத்து அதுலேர்ந்து வந்த பேக்கேஜையும் உபுண்டுவோட சொந்த வெர்ஷனுக்கு இறக்கிடும்.

ஆப்ட்ல ஃபயர்பாக்ஸ் போட்டேன், ஸ்னாப் வந்து நிக்குது. ஏமாத்தறாங்களா?

ஏமாத்தறாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா எனக்கும் பிடிக்கல. உபுண்டு 22.04லேர்ந்து ஆப்ட்ல இருக்கற ஃபயர்பாக்ஸ் வெறும் வழிகாட்டிப் பலகை, அது உங்களை ஸ்னாப்புக்கு (உபுண்டுவோட இன்னொரு பேக்கேஜ் முறை) அனுப்பிடும். ஆப்ட்னு அடிச்சவனுக்கு ஆப்ட்ல குடுக்கணும், இல்லன்னா இல்லன்னு சொல்லணும். டெப்பாவே வேணும்னா மொசில்லாவே சொந்தமா ஒரு ஆப்ட் ரெப்போ நடத்தறாங்க, அதைச் சேத்து அதுக்கு முன்னுரிமை குடுக்கணும், இல்லன்னா அடுத்த அப்கிரேட்ல திரும்ப ஸ்னாப்புக்கே போயிடும். ஸ்னாப்பைத் தூக்க "சூடோ ஸ்னாப் ரிமூவ்", கூட "--பர்ஜ்" போடலன்னா டேட்டாவை ஒரு காப்பி எடுத்து 31 நாள் வச்சிருக்கும்.

பிப் இன்ஸ்டால் பண்ணா "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்"னு திட்டுது

பிப்ங்கறது பைத்தான் மொழிக்கான லைப்ரரிகளைப் போடற டூல். 2023ல வந்த டெபியன் 12, உபுண்டு 23.04லேர்ந்து இப்படித்தான், வேணும்னே பண்ணது. சிஸ்டத்துல இருக்கற பைத்தான் உங்களுது இல்ல, சிஸ்டத்துது. உபுண்டுவோட பல டூல் அதை நம்பித்தான் ஓடுது. நீங்க பிப் வச்சு ஒரு லைப்ரரியை மேல ஏத்தினா ஆப்ட்டுக்குத் தெரியாது, அது வச்ச இடத்துல நீங்க வேற வச்சிருப்பீங்க, ரெண்டும் மோதும். ஒரு ப்ராஜெக்ட்டுக்குன்னா "பைத்தான்3 -எம் வென்வ்" போட்டு தனி ஃபோல்டர்ல வச்சுக்கோங்க, கமாண்டா ஓட்டற டூல்னா பிப்எக்ஸ். எரர்லயே ஒரு "--ப்ரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்" ஆப்ஷன் காட்டும், பேர்லயே "உடை"ன்னு இருக்கு பாருங்க.

இதோட சேந்த இன்னொரு கேள்வி, பழைய பைத்தான் எதுக்கு, தூக்கிடலாமான்னு. பைத்தான்3ஐ ரிமூவ் பண்ணா வர்ற பட்டியலை சும்மா -எஸ் போட்டு பாருங்க, பாதி டெஸ்க்டாப் அதுல இருக்கும். ஏற்கெனவே பண்ணிட்டீங்க, டெர்மினல் மட்டும் வருதுன்னா நெட் இருந்தா "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்" அடிங்க, பெரும்பாலும் எல்லாம் திரும்பி வந்துடும்.

எல்லாத்துக்கும் 404 வருது, நெட் நல்லாத்தான் இருக்கு

உங்க உபுண்டு எந்த வெர்ஷன்னு பாருங்க. ஏப்ரல்ல ரெட்டைப்படை வருஷத்துல வர்றது எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு உள்ள வெர்ஷன்), அதுக்கு 5 வருஷம் ஆதரவு. நடுவுல வர்றதுக்கெல்லாம் 9 மாசம்தான், முடிஞ்சதும் பேக்கேஜை ஓல்ட்-ரிலீசஸ்ங்கற சர்வருக்கு நகத்திடுவாங்க. ரெப்போ முகவரியை அதுக்கு மாத்தினா ஓடும், ஆனா அது அடுத்த வெர்ஷனுக்கு ஏறறதுக்கு ஒரு படி மட்டும்தான், செக்யூரிட்டி அப்டேட் எதுவும் வராது. முகவரி பழசுல /ஈடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட் ஃபைல்ல இருக்கும், 24.04லேர்ந்து அது சோர்சஸ்.லிஸ்ட்.டி ஃபோல்டர்ல உபுண்டு.சோர்சஸ்னு வேற ஃபைலுக்குப் போயிடுச்சு, பழைய டுடோரியல் பாத்துட்டு "ஃபைல் காலியா இருக்கே"ன்னு குழம்பாதீங்க.

டிஸ்க் ஃபுல்

டவுன்லோட் பண்ண டெப் எல்லாம் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ்ல குமிஞ்சிருக்கலாம், "சூடோ ஆப்ட் க்ளீன்" போட்டா போயிடும், போட்ட சாஃப்ட்வேருக்கு ஒண்ணும் ஆகாது. பூட் பார்ட்டிஷன் நிறைஞ்சா ஆட்டோரிமூவ். அங்க போய் கெர்னல் ஃபைலைக் கையால அழிக்காதீங்க.

ஒரு பேக்கேஜ் மட்டும் அப்டேட் ஆகக் கூடாது

"சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட்", பின்னாடி பேர். விடறதுக்கு அன்ஹோல்ட். ஹோல்ட் போட்டதுக்கு செக்யூரிட்டி அப்டேட்டும் வராது.

போன வாரம் என்ன போட்டேன்னே மறந்துபோச்சு, அதுக்கப்புறம்தான் சவுண்ட் வரல

/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் ஃபைலைத் திறங்க. எந்தத் தேதி, என்ன கமாண்ட், எது வந்துச்சு, எது போச்சு, எல்லாம் இருக்கும். அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் உங்களுக்குத் தெரியாம போட்டதும் அதுலயே இருக்கும். ஒய் அடிக்கறப்ப படிக்காம விட்ட பட்டியலும் இங்கதான் கிடைக்கும், பழசெல்லாம் பக்கத்துலயே ஜீஇசட் ஃபைலா சுருட்டி வச்சிருக்கும், ஸெட்லெஸ் போட்டு படிக்கலாம்.

ஃபெடோரா, ஆர்ச்சுக்கு மாறினா?

இது ரெண்டும் வேற லினக்ஸ், ஆப்ட் கிடையாது. ஃபெடோரால டிஎன்எஃப், 2015ல ஃபெடோரா 22ல யம்ங்கற பழைய டூலுக்குப் பதிலா வந்தது. இன்ஸ்டால், ரிமூவ் அதே பேர்தான், தனியா அப்டேட் போட்டு பட்டியல் எடுக்க வேண்டாம், அதுவே எடுத்துக்கும். "டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ"ன்னு போன வேலையைத் திருப்பறதுக்கு ஒண்ணு இருக்கு, எனக்கு ஃபெடோரால ரொம்பப் பிடிச்சது அது. ஆர்ச்சுல பேக்மேன், போட -பெரிய எஸ், சுத்தமா தூக்க -ஆர்என்எஸ், அதுல ஆர் மட்டும் பெரிய எழுத்து. அங்க "-எஸ்ஒய்"னு பட்டியலை மட்டும் புதுசு பண்ணிட்டு ஒரே ஒரு பேக்கேஜைப் போடற வழக்கம் வேண்டாம், பாதி புதுசு பாதி பழசா நிக்கறதை ஆர்ச் ஆதரிக்கறதில்ல, "-எஸ்ஒய்யூ" போட்டு எல்லாத்தையும் சேத்து ஏத்துங்க.